எல்லைக்கல் ஓரத்துத் தடம்

அய்யாத்: டயர் என்னோடது. ஒத்துக்கறேன். ஓரத்துப் பல்லை நானே கத்தியால சீவிவிட்ட டயர், ஊருக்கே தெரியும். ஆனா ஓட்டினவன் நானில்ல! இதைச் சொன்னா ஒரு பெரிய மனுஷருக்காவது காது கேக்குதா?

இத்தோ: முதல்ல மேல பாத்து மிதி. திட்டறதுக்கும் ஏறறதுக்கும் சேத்து மூச்சு பத்தாது.

யூபா: இவனுக்குப் பத்துது இத்தோ. கீழ வாதுமை மரத்தடியில ஆரம்பிச்சான்... இன்னும் தொண்டை வறளல. அல்லாஹ் சிலருக்குத் தொடையில பலத்தை வெப்பான். இவனுக்கு வாயில.

அய்யாத்: நீ பேசாதே யூபா. நேத்து நீயும் கூட்டத்துக்குப் பின்னாலதானே நின்னே? தர்காவுக்குப் போன பொம்பளைங்க மேட்டுல இருந்து பாத்தாங்களாம். அக்தால் மேய்ச்சல்ல சக்கரத் தடமாம். உடனே ஊரே கூடிடுச்சு, உடனே என் பேர்! முரசு கொட்டித் திறக்கிற நாள் வரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டி நுழையக்கூடாத மேய்ச்சல் அது. காவல்காரர் ஒருத்தரைத் தவிர மனுஷன் கால் படக்கூடாது. அது தெரியாதவனா நான்? அந்தக் காவல்காரருக்கே மகன்!

யூபா: ஊரும் அதைத்தான் சொல்லுது. காவல்காரர் மகனே நுழைஞ்சுட்டானேன்னு.

அய்யாத்: அவரும் நின்னுட்டிருந்தாரே! பாபா! போன வருஷம் ஒரு புழுக்கையைக் கையில நசுக்கி மோந்து பாத்துட்டு, 'இது பாஸு வீட்டுக் கறுப்பாடு'ன்னு சொன்ன மனுஷர். நேத்து தடத்தைப் பாத்துட்டு என்ன சொன்னார்? 'மழை பெஞ்சிருக்கு... தெளிவா இல்ல.' தெளிவா இல்லையாம்! என் மகன் அப்படிச் செய்யமாட்டான்னு ஒரு வார்த்தை வாயில வரல!

இத்தோ: பெரியப்பாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லடா...

அய்யாத்: அவருக்கா? கழுகே அவர்கிட்ட வந்து வழி கேக்கும்.

யூபா: நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் ஊர்ச்சபை உக்காருதாமே. என்ன தீர்ப்பு வரும்?

அய்யாத்: ஆட்டுக்கு என்ன சட்டமோ அதேதான் சைக்கிளுக்குமாம். மூடின மேய்ச்சல்ல பிடிபட்டது எதுவா இருந்தாலும், திறக்கிற நாள் வரைக்கும் காவல்காரர் பட்டியில அடைப்பு. எவனோ பண்ணின வேலைக்கு என் வண்டிக்குச் சிறை!

யூபா: அப்ப ஏரி? பனி உருகினதும் கணவாயைத் தாண்டி ஏரிக்குப் போறதுன்னு குளிர்காலம் பூரா அடுப்பைச் சுத்தி உக்காந்து பேசினோமே...

அய்யாத்: அதைத்தான் நானும் கேக்கறேன். ஏரி?

இத்தோ: ...

யூபா: ...

அய்யாத்: என்ன ரெண்டு பேரும் வாயடைச்சுப் போயிட்டீங்க?

இத்தோ: ஏத்தம்டா. மூச்சு வாங்குது. ஆமா, நீ ஏன் சீட்டை இப்படி இறக்கி வெச்சிருக்கே? முழங்கால் காதுல இடிக்குது. வெட்டுக்கிளி சவாரி போற மாதிரி இருக்கு.

அய்யாத்: பார்லி அறுப்பு முடிஞ்சு வந்து பாத்தப்பவே இறங்கித்தான் இருந்தது. எவனோ எடுத்து ஓட்டியிருக்கான்கறதுக்கு அதுவே சாட்சி.

இத்தோ: சரி, சாட்சி சொல்லியாச்சு. ஏத்திக்க வேண்டியதுதானே?

அய்யாத்: கோவத்துல ஸ்பானர் கிடைக்கல.

யூபா: மணி மட்டும் கிடைச்சுதாக்கும். கைப்பிடியில தொங்குதே... இது பனியில செத்துப்போன உங்க கோவேறு கழுதையோட மணி இல்ல?

அய்யாத்: அது நாய்க்கு.

யூபா: நாய்க்கு மணியா?

அய்யாத்: பின்ன? எவனோ என் செயினுக்கு வெண்ணெய் தடவியிருக்கான்! எண்ணெய் இல்ல யூபா, வெண்ணெய்! ஜாடியில போட்டுப் புதைச்சு வருஷக்கணக்கா ஊறுமே, அந்த வெண்ணெய். நேத்து தெருவுல இறங்கினேன், பள்ளத்தாக்குல இருக்கற நாய் பூரா என் பின்னால. மணிச் சத்தம் கேட்டா கழுதைன்னு நெனச்சாவது விலகுமில்ல? சிரிக்காதே! இத்தோ, அவனைச் சிரிக்க வேணாம்னு சொல்லு!

இத்தோ: நானே... முடியலடா...

யூபா: இரு, இரு. கலியாணத்து ஆட்டத்துக்குப் பாட்டு ஒண்ணு குறைஞ்சுதுன்னு நெனச்சேன். வந்துடுச்சு.
'மஞ்சு துயிலும் மலைமுடி ஏறி
நெஞ்சு கொதிக்க நின்றனன் அய்யாத்;
சங்கிலி எங்கும் வெண்ணெய் மணக்க
எங்கணும் நாய்கள் இசைத்தன வாழ்த்தே!'

அய்யாத்: பாடு. நல்லாப் பாடு. என் மானம் போகுது, உனக்குப் பாட்டு வருது.

இத்தோ: பேச்சை நிறுத்துங்க, இறக்கம் வருது! பலகைக்கல் சரிவு... இடது பக்கம், இடது பக்கமாவே வாங்க! உடம்பைப் பின்னால போடு யூபா!

யூபா: யா ரப்பீ... யா ரப்பீ... யா ரப்பீ...

அய்யாத்: பிரேக்கைக் கடிக்காதே! விட்டுடு! வண்டிக்கு வழி தெரியும்!

யூபா: வண்டிக்குத் தெரியும்... எனக்குத் தெரியலயே...

இத்தோ: ஓடை! முன்சக்கரத்தைத் தூக்கு! தூ...க்கு!

யூபா: ஆ!

இத்தோ: யூபா? உயிரோட இருக்கியா?

யூபா: நான் இருக்கேன். டியூப் இல்ல.

அய்யாத்: கழட்டு. ஓடையில முக்கிப் பாரு, குமிழி வர்ற இடத்தைப் பிடி. இத்தோ, நீ டீக்குச் சுள்ளி பொறுக்கு.

இத்தோ: பொறுக்கத்தான் வேணும். நான் விறகுக்குப் போயிருக்கேன்னுதான் அம்மா நெனச்சிட்டிருக்கா. வெறுங்கையோட போனா வீட்டுல விறகு என் முதுகுல இருக்கும்.

யூபா: இந்த ஓடைக்கரை மரத்தடி ஞாபகம் இருக்கா? போன இலையுதிர்ல ஆலங்கட்டி மழை அடிச்சப்ப, மூணு சைக்கிளையும் கவுத்து நட்டு, மேல அய்யாத்தோட கம்பளி அங்கியைப் போத்தி, அதுக்கடியில பதுங்கினோமே...

இத்தோ: நீ தெரிஞ்ச பிரார்த்தனையெல்லாம் வரிசையா ஒப்பிச்சே. சாகறவங்களுக்கு ஓதறதையும் சேத்து.

யூபா: முன்னேற்பாடா இருக்கட்டும்னுதான். மறுநாள் பனிச்சரிவுல சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு இடுப்பளவு புதைஞ்சு வந்தோம். வழியெல்லாம் பல்லு தந்தியடிச்சுது. ஆனா அந்த மேட்டுல இருந்து இறங்கினப்ப... மேகம் நமக்குக் கீழ இருந்துதே அய்யாத். சொர்க்கத்து வாசப்படியில சைக்கிள் ஓட்டின மாதிரி.

அய்யாத்: இப்ப அந்த வாசப்படிக்குப் பூட்டு. நல்லா நெனச்சுப் பாருங்க, இந்த வண்டிக்காக நான் வீட்டுல பட்டது எவ்வளவு? முதல் நாள் உள்ள கொண்டுவந்தப்ப பாபா என்ன சொன்னார்? 'ஷைத்தானோட கழுதை'ன்னார். 'புல்லு திங்காத மிருகம் எனக்கு வேணாம்'னார். ஒரு வாரம் என்கூட ஒரே தட்டுல கை வைக்கல. இன்னிக்கு வரைக்கும் அதைத் தொட்டதில்ல. தொழுவத்துல அதைத் தாண்டிப் போனாக்கூட அங்கியை ஒதுக்கிட்டுப் போவார்.

யூபா: க்க்... க்ஹும்...

அய்யாத்: என்ன?

யூபா: டீ. புரையேறிடுச்சு.

இத்தோ: அவனுக்கு எப்பவும் அப்படித்தான். குடி யூபா. மெதுவா. வாயை மூடிட்டுக் குடி.

அய்யாத்: பஞ்சர் ஒட்டியாச்சா? கிளம்புங்க. நீங்க ரெண்டு பேரும் அந்தத் தடத்தைப் பாக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். ஊர் அதை ஆடு மேய்க்கிற கண்ணால பாத்துது. சைக்கிள் ஓட்டற கண்ணு ஒண்ணு பாக்கட்டும், அப்ப என் வயித்தெரிச்சல் புரியும்.

இத்தோ: இன்னும் தூரமா இருக்கே. வெயில் வேற ஏறுது. திரும்பிடலாமா...

அய்யாத்: இன்னும் ஒரு வளைவுதான். கழுகுப் பாறைக்கு அந்தப் பக்கம். நீ என்னிக்கு வெயிலுக்குப் பயந்தே?

இத்தோ: ...சரி. வா.

அய்யாத்: நில்லுங்க. வெள்ளை பூசின இந்தக் கல்லைத் தாண்டாதீங்க. இதுதான் எல்லை. பாத்தீங்களா தடத்தை?

யூபா: பூவெல்லாம் எப்படி நிக்குது பாரு அய்யாத். பனி போன ஈரம் காயறதுக்குள்ள... மஞ்சளும் ஊதாவுமா. படைச்சவன் தனக்குன்னு ஒதுக்கி வெச்ச தோட்டம் மாதிரி...

அய்யாத்: பூவை விடு! கீழ பாரு! நான் திருட்டுத்தனமா நுழைஞ்சேன்னே வெச்சுக்கோ. எங்க ஓட்டுவேன்? அதோ, ஊத்துமேட்டுல இருந்து அந்த ஓடை வரைக்கும். முழுக்கப் புல்லு, ஒரு கல்லு கிடையாது, ஒரே மூச்சுல கண்ணுல தண்ணி வர வைக்கிற இறக்கம். சின்ன வயசுல இருந்து அதை நான் கனாக் கண்டுட்டிருக்கேன். அங்க ஒரு தடம் இருக்கா?

இத்தோ: இல்ல.

அய்யாத்: இந்தக் கோமாளி என்ன பண்ணியிருக்கான்? எல்லைக்கல்லை ஒட்டியே போயிருக்கான். ஒரு கல்லு, அடுத்த கல்லு, அதுக்கடுத்த கல்லுன்னு மேய்ச்சலையே சுத்தி வந்திருக்கான்! ஒவ்வொரு கல்லுகிட்டயும் கால் ஊணியிருக்கான். அதோ, செருப்பு இழுத்த கோடு. அங்க பாருங்க, வளைவுல மொத்தமாச் சாஞ்சிருக்கான். எழுந்து... மறுபடியும் ஏறியிருக்கான். ஏறி, அடுத்த கல்லுல மறுபடியும் விழுந்திருக்கான்! இதை நான் ஓட்டினேன்னு ஊர் சொல்லுது! திருடன்னு சொல்லட்டும், தாங்கிக்கறேன். இப்படி ஓட்டறவன்னு சொன்னா எப்படித் தாங்கறது?

யூபா: புதுசாக் கத்துக்கறவனா இருக்கும். பாவம்.

அய்யாத்: பாவமா?

யூபா: இல்ல... முட்டி சரியில்லாத ஆளா இருந்தா இப்படித்தானே கால்...

இத்தோ: யூபா!

அய்யாத்: ஏன் அவனை அதட்டறே?

இத்தோ: அய்யாத்... நான்தான். நான்தான் உன் வண்டியை எடுத்தேன். நாளைக்குச் சபையில வந்து சொல்லிடறேன்.

அய்யாத்: நீயா?

இத்தோ: ஆமா. மன்னிச்சுக்கோ.

அய்யாத்: இப்பத் தாண்டி வந்தோமே கழுகுப் பாறை, அதுல பிரேக்கையே தொடாம இறங்கினவ நீ. இந்தச் சின்ன வளைவுல கால் ஊணினியா? என் கண்ணைப் பாத்துச் சொல்லு.

இத்தோ: அன்னிக்கு... தலைசுத்தலா இருந்துது.

யூபா: அவ இல்ல அய்யாத். நான். நான் விழறவன்தானே, எல்லாருக்கும் தெரியும். இப்பக்கூட விழுந்தேனே.

அய்யாத்: நீ விழுந்தா மலையில பள்ளம் விழும் யூபா. இங்க மடங்கின புல்லு அதுக்குள்ள நிமிந்துடுச்சு. இது எலும்பும் தோலுமா ஒரு ஆள் விழுந்த இடம். மாத்தி மாத்திப் பழியை வாங்கிக்கறீங்களே, யாரைக் காப்பாத்தறீங்க?

இத்தோ: ரொட்டி மேலயும் உப்பு மேலயும் கை வெச்சுச் சத்தியம் வாங்கியிருக்கு. கேக்காதேடா.

அய்யாத்: கேக்கறேன்.

யூபா: சொல்லிடு இத்தோ. சத்தியத்தை மீறின பாவத்துக்கு நான் நோன்பு இருந்துக்கறேன். நாளைக்கு இவன் தலை குனிஞ்சு நிக்கறதைப் பாக்க என்னால ஆகாது.

இத்தோ: ...பெரியப்பா. கோவேறு கழுதை செத்ததுல இருந்து அவரால சுத்த முடியலடா. ரெண்டு முட்டியும் போச்சு. தினம் எல்லைக்கல் அத்தனையும் ஒரு சுத்து பாக்கணும்ல? பாதியில உக்காந்துடறார். சபைக்குத் தெரிஞ்சா காவலை பாஸு வீட்டுக்குக் குடுத்துடுவாங்க. அது போச்சுன்னா அவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். நீ அறுப்புக்குக் கீழ போனப்ப வண்டியைத் தள்ளிட்டு எங்ககிட்ட வந்தார். 'இதை ஓட்டக் கத்துக்குடுங்க. மூடின மேய்ச்சல்ல யாரும் பாக்கமாட்டாங்க'ன்னார்.

அய்யாத்: நீங்களும் உள்ள போனீங்களா?

யூபா: ஒரு அடி வைக்கல! இந்தக் கல்லுக்கு வெளிய நின்னு கத்தினோம். 'மிதிங்க மாமா, முன்னால பாருங்க மாமா'ன்னு. தொண்டை கட்டிப்போச்சு. அவர் மட்டும்தான் உள்ள. அவருக்குத்தான் உரிமை இருக்கே... தப்பே இல்ல அய்யாத், அதைச் சொல்லத்தான் அவரால முடியல.

அய்யாத்: ...

யூபா: ஏதாவது திட்டு. நீ சும்மா இருந்தா பயமா இருக்கு.

அய்யாத்: தெரியும்.

இத்தோ: என்ன தெரியும்?

அய்யாத்: அவர்னு. அந்த வெண்ணெய் எங்க அம்மா ஜாடி வெண்ணெய். மலைப் புதினா போட்டுக் காய்ச்சறது எங்க வீட்டுல மட்டும்தான். செயினை மோந்ததுமே தெரிஞ்சுபோச்சு. மிருகம்னா அதுக்கு வெண்ணெய் தடவி வெச்சாத்தானே அவருக்குத் தூக்கம் வரும்!

யூபா: அப்ப... வாதுமை மரத்தடியில இருந்து நீ கத்திட்டு வந்ததெல்லாம்?

அய்யாத்: அது பொய்யில்ல! கோவம்தான்! இப்பவும் கோவம்தான்! ஏன் உங்ககிட்ட வந்தார்? ஒரே கூரை, ஒரே தட்டு. இந்தப் பள்ளத்தாக்குலயே நல்லா ஓட்டறவன்னு பேர் வாங்கின மகன் வீட்டுல இருக்கான். அவன் அறுப்புக்குப் போற வரைக்கும் காத்திருந்து உங்ககிட்ட வந்திருக்கார்! நீங்களும் என்ன சொல்லிக் குடுத்திருக்கீங்க? வளைவுல உள்பக்கக் காலை ஊணச் சொல்லி! எவன் சொன்னது அதை?

யூபா: ...நான்.

அய்யாத்: விழாம வேற என்ன பண்ணுவார் அந்த மனுஷர்!

இத்தோ: நான் கேட்டேன்டா. 'அய்யாத்கிட்டக் கேக்கக்கூடாதா பெரியப்பா'ன்னு.

அய்யாத்: என்ன சொன்னார்?

இத்தோ: 'அவன் சிரிச்சாத் தாங்கிக்குவேன். அவன் சிரிக்கமாட்டான். அதான் முடியாது'ன்னார்.

யூபா: இன்னொரு பாட்டும் இருக்கு அய்யாத். அவர் விழுந்து விழுந்து எழுந்திருக்கறதைப் பாத்துட்டே, இந்தக் கல்லு மேல உக்காந்து கட்டினது. சொல்லவா?

அய்யாத்: வேண்டாம்னா விடவா போறே?

யூபா: 'பனிவிடு புல்லும் பசுந்துளிர்ப் பூவும்
தனிமுதல் காக்கும் தடவரை மீதில்
முட்டி தளர்ந்தும் முறைதவ றாது
வட்டம் வருவோன் வாழிய நெடிதே.'

அய்யாத்: ...இதைக் கலியாணத்துல பாடித் தொலைக்காதே.

யூபா: மாட்டேன்.

இத்தோ: நாளைக்குச் சபையில என்னடா சொல்லப் போறே?

அய்யாத்: சபை முடிஞ்சுபோச்சு.

இத்தோ: என்னது?

அய்யாத்: இன்னிக்கு விடிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிஞ்சு எல்லாரும் பள்ளிவாசல் வாசல்ல நின்னாங்க. நானே போய்ச் சொல்லிட்டேன். நான்தான் ஓட்டினேன்னு. நம்ம பாட்டுக்காரர் போர்வையை விட்டு வெளிய வந்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

யூபா: நீயா? இந்தத் தடத்தையா? இப்படி நான்தான் ஓட்டினேன்னு உன் வாயால சொன்னியா?

அய்யாத்: சொன்னேன். அத்தனை பேர் முன்னாலயும். அதான் காலைல இருந்து வயிறு எரியுது!

இத்தோ: வண்டி போச்சேடா! ஏரி...

அய்யாத்: ஏரி நகந்து எங்கயும் போகாது. பிடிபட்டது யார் பட்டிக்குப் போகும்? அதைச் சொல்லு.

இத்தோ: காவல்காரர்... அடப்பாவி!

அய்யாத்: ஒருத்தன் ஒத்துக்கிட்டாச்சு. இனி எத்தனை தடம் விழுந்தாலும் ஊருக்கு அது என்னோட பழைய தடம்தான். பிரேக் கட்டை புதுசா மாத்தியிருக்கேன். வெண்ணெயைத் துடைச்சு எண்ணெய் போட்டாச்சு. மணியும் அவர் காதுக்குப் பழகின மணி. வாங்க, அதோ காவல் குடிசையில புகை தெரியுது. வண்டியை ஒப்படைக்கணும்.

யூபா: ஆனா அய்யாத்... ஓட்டினது தான்னு அவருக்குத் தெரியுமே. நீ ஏன் ஒத்துக்கிட்டேன்னு அவருக்குப் புரிஞ்சிருக்காதா?

அய்யாத்: புரிஞ்சிருக்காதாவா? தீர்ப்பைச் சொன்னதே அவர்தான்! நான் வாயை மூடறதுக்குள்ள, பள்ளத்தாக்கு பூரா எதிரொலிக்கிற மாதிரி, 'சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு, ஷைத்தானோட கழுதை என் பட்டிக்கு வரட்டும்'னு ஒரு அதட்டல். ஊரே 'எப்பேர்ப்பட்ட நீதிமான்'னு தாடியைத் தடவுது. நான் தலை குனிஞ்சு நிக்கறேன். அங்கியை ஒதுக்கிட்டு என்னைத் தாண்டிப் போனவர், உதடு அசையாம என் காதுல மட்டும் விழற மாதிரி சொல்லிட்டுப் போறார்... 'சீட்டை ஏத்திடாதே.'